ஹைட்ரஜன் ஆலைகளில் கரியமில வாயுப் பிரிப்பு: ஒரு வரலாற்று ஆய்வு (1913–2022)

ஆய்வுச்சுருக்கம்

இயற்கை எரிவாயு, நாஃப்தா முதலிய ஹைட்ரோகார்பன்களிலிருந்து ஹைட்ரஜனைப் பெறும்போது கரியமில வாயுவும் உடன் தோன்றுகிறது. அதைப் பிடித்து நிலத்தடியில் வைக்கும் முறை 'நீல ஹைட்ரஜன்' என்னும் பெயரில் இன்று புதுமையாகப் பேசப்படுகிறது. ஆனால் ஹைட்ரஜன் ஆலைகள் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கத் தொடங்கி நூறாண்டுகள் கடந்துவிட்டன. பிரித்தல் பழையது, பிரித்ததை வைத்துக் காத்தலே புதியது என்பதையும், ஒவ்வொரு காலத்திலும் எந்தத் தேவை பிரிப்பைத் தூண்டியதோ அதுவே பிரிப்பின் அளவையும் முடிவு செய்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: ஹைட்ரஜன், கரியமில வாயு, நீராவி மறுவுருவாக்கம், அமீன் கரைசல், யூரியா, நிலத்தடிச் சேமிப்பு.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாற்றில் ஒரு சொல் இரு செயல்களைக் குறிக்கும்போது குழப்பம் பிறக்கிறது. கரியமில வாயுவைப் 'பிடித்தல்' அத்தகைய சொல். கலவை வாயுவிலிருந்து அதைத் தனியே எடுப்பதும் பிடித்தல் எனப்படுகிறது. எடுத்ததை வளிமண்டலத்திற்குத் திரும்பவிடாமல் காப்பதும் பிடித்தல் எனப்படுகிறது. முதலாவது வேதிப்பொறியியல் சார்ந்த வேலை. இரண்டாவதில் நிலவியல், சட்டம், பொருளியல் ஆகிய மூன்றும் சேர்கின்றன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான், ஓர் ஆலை 'தொண்ணூறு விழுக்காடு பிடிக்கிறது' என்று கூறும்போது அது எதில் தொண்ணூறு என்று கேட்க முடியும். அக்கேள்விக்கான விடை ஆலைகளின் வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது. உலகில் இன்று உற்பத்தியாகும் ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி புதைபடிவ எரிபொருள்களிலிருந்தே வருவதால், இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடுவதும் அன்று.

இரு ஊற்றுகள்

வரலாற்றுக்குள் நுழையுமுன் வேதியியல் அடிப்படையைச் சுருக்கமாகக் காண்பது தேவை. மீத்தேனையும் நீராவியையும் நிக்கல் வினையூக்கியின் மேல் ஏறத்தாழ 800 முதல் 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் செலுத்தினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கின்றன. இது நீராவி மறுவுருவாக்கம் எனப்படும். பின்னர் கார்பன் மோனாக்சைடு மேலும் நீராவியோடு வினைபுரிந்து கரியமில வாயுவாகவும் கூடுதல் ஹைட்ரஜனாகவும் மாறுகிறது. இது நீர்வாயு மாற்ற வினை. இரண்டையும் சேர்த்தால், ஒரு மீத்தேன் மூலக்கூறும் இரு நீர் மூலக்கூறுகளும் நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் ஒரு கரியமில வாயு மூலக்கூற்றையும் தருகின்றன. எடைக்கணக்கில், 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 5.5 கிலோ கரியமில வாயு.

இது வினையின் கணக்கு மட்டுமே. முதல் வினை வெப்பத்தை உறிஞ்சுவது. அவ்வெப்பத்தைத் தர, வினையூக்கி நிரம்பிய குழாய்களுக்கு வெளியே உலையில் எரிபொருளை எரிக்க வேண்டும். அதன் புகையையும் சேர்த்தால் 1 கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 9 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே ஓர் ஆலையில் கரியமில வாயுவுக்கு இரு ஊற்றுகள் உள்ளன. ஒன்று குழாய்க்குள் உயர் அழுத்தத்தில் ஓடும் வினைவாயு. மொத்தத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு இதில் அடங்கும். மற்றொன்று உலையின் புகை. இதில் அழுத்தம் வளிமண்டல அளவே, பெரும்பகுதி நைட்ரஜன். முதல் ஊற்றில் பிரிப்பது எளிது, இரண்டாவதில் கடினம். இந்த எளிமைக்கும் கடினத்துக்கும் இடையிலான இழுபறியே பின்வரும் வரலாறு.

ஓப்பாவ்: நீரால் கழுவிய காலம்

ஹைட்ரஜனைத் தனி வாயுவாக 1766-இல் கேவண்டிஷ் விவரித்தார். 1780-களில் லவாய்சியர் செந்தணலாய்ப் பழுத்த இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தி அவ்வாயுவைப் பெற்றார். எனினும் அதன் பெருந்தொழில் தேவை அம்மோனியாவோடுதான் பிறந்தது. காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா பெறும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்துகாட்டினார். கார்ல் பாஷின் தலைமையில் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் முதல் ஆலையை இயக்கியது.

அங்கு ஹைட்ரஜனுக்கு மூலம் கல்கரி. பழுத்த கல்கரியின் மேல் நீராவியைச் செலுத்திப் பெற்ற நீர்வாயுவில் ஹைட்ரஜனோடு கார்பன் மோனாக்சைடும் மிகுதியாக இருந்தது. தொடக்கத்தில் அதை மிகுகுளிரூட்டிப் பிரித்தனர். விரைவில் வில்ஹெல்ம் வில்ட் இரும்பு – குரோமியம் ஆக்சைடு வினையூக்கியைக் கொண்டு நீர்வாயு மாற்ற வினையைத் தொழில்முறையாக்கினார். கார்பன் மோனாக்சைடு கூடுதல் ஹைட்ரஜனாக மாறியது, அதற்கு ஈடாகக் கரியமில வாயு பெருகியது. அம்மோனியா வினையூக்கியான இரும்பு, ஆக்சிஜன் கொண்ட சேர்மங்களைத் தாங்காது. சிறிதளவு கரியமில வாயு எஞ்சினாலும் வினையூக்கி செயலிழக்கும். எனவே அதை நீக்கியே ஆக வேண்டியிருந்தது.

நீக்கிய வழி எளியது. ஏறத்தாழ 25 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் வாயுக்கலவையை உயரமான கோபுரங்களில் நீரால் கழுவினர். அழுத்தத்தில் கரியமில வாயு நீரில் கரைந்தது. அழுத்தத்தைத் தளர்த்தியதும், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல், நுரைத்து வெளியேறியது. தூய்மை என்னும் தேவை நிறைவேறியது. வெளியேறிய வாயு எங்கே போயிற்று என்பதை எவரும் சிக்கலாகக் கருதவில்லை. உலகின் முதல் பெரிய ஹைட்ரஜன் ஆலையே கரியமில வாயுவைப் பிரித்த ஆலை என்பது கருதத்தக்கது. பிரிப்பு அங்குக் கூடுதல் அணிகலனாக அமையவில்லை, அது உற்பத்தியின் உறுப்பாகவே இருந்தது.

கரைப்பான்களின் காலம்

அடுத்த இருபதாண்டுகளில் மூலப்பொருள் மாறத் தொடங்கியது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1930-களின் தொடக்கத்தில் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹைட்ரோகார்பன் வாயுக்களை நீராவியால் மறுவுருவாக்கும் ஆலையை நிறுவியது. பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் பில்லிங்ஹாம் ஆலை 1936-இல் இவ்வழியில் சேர்ந்தது. அந்நிறுவனம் 1960-களில் உருவாக்கிய வினையூக்கி, நாஃப்தாவையும் உயர் அழுத்தத்தில் மறுவுருவாக்க வழிசெய்தது. இயற்கை எரிவாயு இல்லாத நாடுகளும் இம்முறையை மேற்கொள்ள இது உதவியது.

பிரிக்கும் கலையும் உடன் வளர்ந்தது. நீர் மிகுதியாகத் தேவைப்பட்டது, அதோடு ஹைட்ரஜனிலும் ஒரு பகுதியைக் கரைத்து வீணாக்கியது. 1930-இல் கெர்ட்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ஆர். பாட்டம்ஸ் அமீன் கரைசல்களால் அமில வாயுக்களைப் பிரிக்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குளிர்ந்த அமீன் கரியமில வாயுவோடு வேதிமுறையில் பிணையும், சூடாக்கினால் அதை விடுவிக்கும், மீண்டும் பயன்படும். இன்று புகைபோக்கிகளில் பொருத்தப்படும் பிடிப்புக் கருவிகள் பலவும் இக்கொள்கையின் வழித்தோன்றல்களே.

அமீன் முறையின் குறை அதன் வெப்பச்செலவு. ஒவ்வொரு சுற்றிலும் கரைசலைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் வேண்டும். 1950-களில் அமெரிக்கச் சுரங்கத்துறையில் பணியாற்றிய பென்சனும் ஃபீல்டும் சூடான பொட்டாசியம் கார்பனேட் கரைசலைப் பயன்படுத்தினர். உட்கவர்தலும் விடுவித்தலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் நிகழ்வதால், சூடாக்கிக் குளிர்விக்கும் இழப்பு பெருமளவு குறைந்தது. அவர்களின் பெயர்களைச் சேர்த்து 'பென்ஃபீல்ட்' என வழங்கும் இம்முறை உர ஆலைகளில் பரவியது. 1970-களில் பி.ஏ.எஸ்.எஃப். அறிமுகப்படுத்திய செயலூட்டப்பட்ட அமீன், அழுத்தத்தைத் தளர்த்தியதுமே பெரும்பகுதி வாயுவை விடுவித்து வெப்பச்செலவை மேலும் குறைத்தது. 'திறன்மிகு பிரிப்பு' என்று இன்று தேடப்படுவதன் அடித்தளம், காலநிலை மாற்றம் அரசியல் பேச்சாகுமுன்பே, எரிபொருள் செலவைக் குறைக்கும் நோக்கில் இடப்பட்டுவிட்டது.

யூரியா: கழிவு மூலப்பொருளான வரலாறு

பிரித்தெடுத்த வாயுவுக்கு முதலில் விலை தந்தது யூரியா. அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து யூரியாவாகும் முறை 1920-களின் தொடக்கத்திலேயே ஓப்பாவில் தொழில்முறையானது. 1 டன் யூரியாவில் சுமார் 0.73 டன் கரியமில வாயு பிணைகிறது. ஆகவே அம்மோனியா ஆலையையும் யூரியா ஆலையையும் அருகருகே அமைப்பது வழக்கமாயிற்று.

இந்தியாவின் உரத்தொழில் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. தமிழகத்தில் 1960-களில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா உற்பத்தி செய்யப்பட்டது. 1971-இல் மணலியில் மதராஸ் உரநிறுவனமும், 1975-இல் தூத்துக்குடியில் ஸ்பிக் நிறுவனமும் நாஃப்தாவை மூலமாகக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கின. தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலையை அடுத்து அமைந்த காரவேதிப்பொருள் ஆலை, அந்த அம்மோனியா ஆலையின் கரியமில வாயுவைக் கொண்டு சலவைச் சோடா உற்பத்தி செய்தது. ஓர் ஆலையின் கழிவு மற்றோர் ஆலையின் மூலப்பொருளாயிற்று.

மூலப்பொருள் மாறியபோது கணக்கும் மாறியது. நாஃப்தாவில் கார்பன் விகிதம் மிகுதி. எனவே யூரியாவுக்குத் தேவையானதைவிட அதிகக் கரியமில வாயு கிடைத்தது. இயற்கை எரிவாயுவில் கார்பன் குறைவு. அம்மோனியா முழுவதையும் யூரியாவாக்க, வினைவாயுவில் கிடைப்பது சற்றே போதாது. இப்பற்றாக்குறையை ஈடுசெய்ய, அதுவரை எவரும் தீண்டாத இரண்டாம் ஊற்றான உலைப்புகையை ஆலைகள் நாடின. மலேசியாவின் கெடா மாநிலத்து உர ஆலையில் 1999-இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் கரைப்பான் முறை பொருத்தப்பட்டது. 2006-இல் உத்தரப் பிரதேசத்தின் ஆவன்லா, ஃபூல்பூர் ஆகிய இடங்களிலுள்ள இஃப்கோ ஆலைகளில், ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு 450 டன் கரியமில வாயுவை உலைப்புகையிலிருந்து பிரிக்கும் அமைப்புகள் செயற்பாட்டுக்கு வந்தன.

உலைப்புகையிலிருந்து பிடிப்பது தொழில்நுட்பத்தால் இயலாதது என்னும் வாதத்தை இச்சான்று மறுக்கிறது. பிடிப்பதற்கு ஒரு விலை இருந்தபோது இந்திய உர ஆலைகள் அதைச் செய்துகாட்டின. ஆயினும் இதைக் காலநிலைப் பாதுகாப்பாகக் கொள்ள முடியாது. வயலில் இட்ட யூரியா, மண்ணிலுள்ள நொதியால் சிதைந்து, தன்னுள் பிணைந்த கரியமில வாயுவை விரைவிலேயே காற்றுக்குத் திருப்பித் தருகிறது. உழவர் யூரியாவை வயலில் தூவும்போதே அப்பிடிப்பின் தவணை முடிவுக்கு வந்துவிடுகிறது.

தூய்மை வென்றது, பிரிப்பு மறைந்தது

இதே காலத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் வரலாறு எதிர்த்திசையில் சென்றது. எஸ்ஸோ நிறுவனத்தின் ஆய்வாளர் சார்லஸ் ஸ்கார்ஸ்ட்ராம் 1960-இல், அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் திண்மப் பரப்பில் வாயுக்களைக் கவரச் செய்து பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்த மாற்றப் பரப்புக் கவர்தல் எனப்படும் இம்முறை அப்பத்தாண்டிலேயே ஹைட்ரஜன் தூய்மிப்புக்கு வந்தது. பல கலன்களை அடுத்தடுத்து இயக்கும் வடிவம் 1970-களில் உருவானபின் அது எங்கும் பரவியது.

பழைய முறையில் அமீனாலோ கார்பனேட்டாலோ கழுவிப் பெற்ற ஹைட்ரஜன் ஏறத்தாழ 95 முதல் 98 விழுக்காடு தூய்மை கொண்டது. புதிய முறை 99.99 விழுக்காட்டையும் தாண்டியது. கழுவும் கோபுரம் தேவையற்றுப் போயிற்று. கரியமில வாயு, எஞ்சிய மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, சிறிதளவு ஹைட்ரஜன் யாவும் ஒரே கழிவு வாயுவாகத் திரண்டன. அக்கழிவு வாயு உலைக்கே எரிபொருளாகத் திருப்பப்பட்டது. ஆற்றல் கணக்கில் இது சிறந்த ஏற்பாடு. ஆனால் முன்பு தனியே, செறிவாகக் கிடைத்த கரியமில வாயு இப்போது உலைப்புகையோடு கலந்து புகைபோக்கி வழியே சென்றது.

இம்மாற்றம் இவ்வரலாற்றின் திருப்புமுனை. திறன் கூடியபோதே பிரிப்பு மறைந்தது. கரியமில வாயுவுக்கு விலையோ வரியோ இல்லாதிருந்தமையால், அதைத் தனியே எடுக்காத ஆலையே சிறந்த ஆலையாகக் கருதப்பட்டது. யூரியாவுக்காக அவ்வாயு தேவைப்பட்ட உர ஆலைகள் பழைய கோபுரங்களைத் தொடர்ந்து இயக்கின. அது தேவைப்படாத சுத்திகரிப்பு ஆலைகள் அவற்றைக் கைவிட்டன. ஒரே வேதியியல் அறிவைக் கொண்ட இருவகை ஆலைகள் இருவழிச் சென்றதற்குத் தேவையின் வேறுபாடே காரணம்.

நிலத்தடிக்குச் சென்ற வாயு

பிரித்த வாயுவை மண்ணுக்குள் செலுத்தும் வழக்கமும் முதலில் எண்ணெய்க்காகவே தோன்றியது. எண்ணெய்ப் படுகைக்குள் கரியமில வாயுவைச் செலுத்தினால் எஞ்சிய எண்ணெய் எளிதில் வெளிவரும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஈனிட் உர ஆலையின் கரியமில வாயு 1982 முதல் இதற்குப் பயன்பட்டது. காலநிலைக்காகவே வாயுவைப் புதைத்தல் 1996-இல் நார்வேயின் ஸ்லைப்னர் கடற்களத்தில் தொடங்கியது. அது ஹைட்ரஜன் ஆலை அன்று, இயற்கை எரிவாயுவைத் தூய்மைப்படுத்தும் களம். 1991-இல் நார்வே விதித்த கார்பன் வரியே அதற்கு உந்துதல். வாயுவைப் பிரிக்க வேண்டியது எரிவாயு விற்பனைக்காக. பிரித்ததைப் புதைக்க வேண்டியது வரிக்காக.

ஹைட்ரஜன் ஆலைகள் இவ்வழியில் சேர மேலும் இருபதாண்டுகள் ஆயின. 2013-இல் டெக்சாஸின் போர்ட் ஆர்தரில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் இரு மறுவுருவாக்க ஆலைகளில் கரியமில வாயுவைப் பிரிக்கத் தொடங்கியது. ஏற்கெனவே இருந்த தூய்மிப்புக் கலன்களுக்கு முன்னால், கரியமில வாயுவை மட்டும் கவரும் புதிய கலன்கள் வைக்கப்பட்டன. முப்பதாண்டுகளுக்கு முன் அகற்றிய படி மீண்டும் சேர்க்கப்பட்டது எனலாம். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வாயு எண்ணெய்ப் படுகைக்குச் சென்றது.

2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஷெல் நிறுவனத்தின் குவெஸ்ட் திட்டம் தொடங்கியது. ஸ்காட்ஃபோர்டிலுள்ள மூன்று ஹைட்ரஜன் அலகுகளின் வினைவாயுவில் அமீன் கரைசலால் சுமார் 80 விழுக்காடு கரியமில வாயு பிரிக்கப்பட்டது. அது சுமார் 65 கிலோமீட்டர் குழாய்வழி சென்று, 2 கிலோமீட்டர் ஆழத்திலுள்ள உவர்நீர் மணற்பாறைக்குள் செலுத்தப்பட்டது. எண்ணெய் எடுக்க அன்றி, வைத்துக் காக்கவே செலுத்தப்பட்டது. 2020-க்குள் 50 லட்சம் டன் இவ்வாறு புதைக்கப்பட்டது. இதற்கு மாநில, மைய அரசுகள் 86.5 கோடிக் கனடிய டாலர் உதவின. ஜப்பானின் டொமகோமாயில் 2016 முதல் 2019 வரை, சுத்திகரிப்பு ஆலையொன்றின் ஹைட்ரஜன் அலகிலிருந்து பிரித்த 3 லட்சம் டன் வாயு கடலடிப் பாறைக்குள் செலுத்தப்பட்டது. அங்கு, அழுத்தத்தைத் தளர்த்தியே கரைசலிலிருந்து பெரும்பகுதி வாயுவை விடுவிக்கும் ஏற்பாடு ஆற்றல் செலவைக் குறைத்தது. ஓப்பாவின் சோடாப் புட்டிக் கொள்கையே இதன் மூதாதை.

விழுக்காட்டின் எல்லைக்கோடு

மேற்கண்ட திட்டங்களின் அளவுகளை வாசிக்கும்போது எல்லைக்கோட்டை நினைவிற்கொள்ள வேண்டும். ஆலையின் கரியமில வாயுவில் 60 விழுக்காடு வினைவாயுவில் உள்ளது எனக் கொள்வோம். அதில் 80 விழுக்காட்டைப் பிடித்தால், ஆலையின் மொத்த வெளியீட்டில் பிடிபடுவது 48 விழுக்காடே. அதாவது பாதிக்கும் சற்றுக் குறைவு. 'எண்பது' என்பதும் 'நாற்பத்தெட்டு' என்பதும் ஒரே ஆலையைப் பற்றிய உண்மைகள். எது சொல்லப்படுகிறது என்பதைக் கோடு எங்கே வரையப்பட்டது என்பதே முடிவு செய்கிறது.

இக்கோட்டை விரிக்க இரு தொழில்நுட்ப வழிகள் உள்ளன. ஒன்று, இஃப்கோ ஆலைகள் செய்ததுபோல் உலைப்புகையிலிருந்தும் பிரிப்பது. மற்றொன்று, வெளியுலையே இல்லாமற் செய்வது. தன்வெப்ப மறுவுருவாக்கத்தில் மீத்தேனின் ஒரு பகுதி, வினைகலனுக்குள்ளேயே தூய ஆக்சிஜனால் எரிக்கப்பட்டு வினைக்கு வெப்பம் தருகிறது. கரியமில வாயு ஏறத்தாழ முழுவதும் உயர் அழுத்த வினைவாயுவிலேயே திரள்வதால், 90 விழுக்காட்டுக்கு மேல் பிரிப்பது எளிதாகிறது. இதுவும் புதிதன்று. 1950-களிலேயே டென்மார்க்கின் டாப்சோ நிறுவனம் இத்துறையில் ஈடுபட்டது. அம்மோனியா ஆலைகளின் இரண்டாம்நிலை மறுவுருவாக்கியும் காற்றைக் கொண்டு இதையொத்த பணியைச் செய்துவருகிறது. ஆனால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க மின்னாற்றல் வேண்டும். அம்மின்சாரத்தின் மூலமும் கணக்கில் சேரும்.

கோடு ஆலையின் மதிலோடு முடிவதும் இல்லை. கிணற்றிலிருந்து ஆலைவரை எரிவாயு வரும் வழியில் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கால அளவில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைத் தேக்கும். 2021-இல் ஹாவர்த், ஜேக்கப்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, 3.5 விழுக்காட்டுக் கசிவைக் கொண்டு கணக்கிட்டு, வெப்பத்திற்காக நீல ஹைட்ரஜனைப் பயன்படுத்துவது எரிவாயுவை நேரடியாக எரிப்பதைவிடத் தீங்கானது என்று முடிவு கண்டது. 2022-இல் பவர் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, கசிவு மிகக் குறைவாகவும் பிடிப்பு விகிதம் மிக உயர்வாகவும் இருந்தால் முடிவு மாறும் என்று காட்டியது. இரு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வேறுபாட்டின் பெரும்பகுதி கசிவு, பிடிப்பு விகிதம், கால அளவு ஆகிய எடுகோள்களில் இருப்பது புலப்படும்.

முடிவுரை

இவ்வரலாறு மூன்று தேவைகளின் வரலாறு. ஓப்பாவில் வினையூக்கியின் தூய்மைக்காகக் கரியமில வாயு பிரிக்கப்பட்டது. உர ஆலைகளில் யூரியாவின் விலைக்காகப் பிரிக்கப்பட்டது. ஸ்லைப்னர், குவெஸ்ட் போன்ற இடங்களில் வரியும் அரசு உதவியும் அதைப் புதைக்கத் தூண்டின. ஒவ்வொரு தேவையும் தனக்கு வேண்டிய அளவே பிரித்தது, அதற்கு மேல் பிரிக்கவில்லை. தேவை அகன்றபோது, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் நிகழ்ந்ததுபோல், கைவந்த கலையும் கைவிடப்பட்டது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. ஹைட்ரோகார்பன்களிலிருந்து ஹைட்ரஜன் பெறுகையில் கரியமில வாயுவைத் திறம்படப் பிரிக்கும் அறிவுக்குப் பஞ்சமில்லை. நீர், அமீன், கார்பனேட், பரப்புக் கவர்தல், தன்வெப்ப மறுவுருவாக்கம் என அவ்வறிவு நூறாண்டு முதிர்ச்சி கொண்டது. முதிராதது, பிரித்த வாயுவை நீண்டகாலம் காத்துநிற்கும் பொறுப்பு. எவ்வளவு பிடிக்கப்பட்டது, எதில் அளக்கப்பட்டது, எவ்வளவு காலம் வைக்கப்படும் ஆகிய மூன்றும் ஒருங்கே சொல்லப்படாத எந்த விழுக்காடும் முழுமையானதன்று. உர மூட்டையில் சில திங்கள் தங்கிய கார்பனும், ஆழ்பாறையில் பல்லாயிரம் ஆண்டு தங்க வேண்டிய கார்பனும் 'பிடிக்கப்பட்டது' என்னும் ஒரே சொல்லால் இனியும் குறிக்கப்படுமானால், கணக்கேட்டில் குறையும் வாயு காற்றில் குறையாது.